ஒழுகும் தொட்டியில் ஏறிய அளவு

என் மனைவிக்கு ஆகவே ஆகாத வார்த்தை ஒன்று உண்டு. ‘சுமார்’. கடைக்குக் கிளம்பும்போது எப்போது வருவீர்கள் என்று கேட்பாள். சுமார் அரை மணி நேரம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. “சுமாருன்னா? வருவீங்களா, மாட்டீங்களா?” என்று வாசலிலேயே நிறுத்திவிடுவாள். பால் பாத்திரத்தை மூடியோடு தூக்கி லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு காப்பிக்குத்தான் வரும் என்பாள். சொன்னபடி இரண்டுதான் வரும். மூன்றாவதாக வருகிறவருக்குத் தண்ணீர்தான்.

இந்தத் தெருவில் இருக்கிறவர்களுக்கு அவள் ஒரு வயதான அம்மா, அவ்வளவுதான். சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பழைய ஆட்கள் யாராவது எதிர்ப்பட்டால் மட்டும், “என்ன அளவக்கா, நல்லா இருக்கீங்களா?” என்று நின்று விசாரிப்பார்கள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். என்னைக் கட்டிக்கொண்ட அன்றுகூட அப்படிச் சிரித்தவள் இல்லை. இதை நான் பொறாமையில்தான் சொல்கிறேன், வேறென்ன.

எங்கள் தொழிற்சாலையின் பின்புறம் ஒரு பெரிய தொட்டி இருந்தது. இரும்புத் தகடுகளை வளைத்துச் சேர்த்த உருளைத் தொட்டி, இரண்டு மாடி உயரம். சுற்றிலும் இடுப்பளவு காங்கிரீட் சுவர். தொட்டி நிறைய பாமாயில். சோப்புக்கு அதுதான் ஆதாரம். ஆனால் பாமாயில் மாதிரி ஒரு சோம்பேறி எண்ணெய் உலகத்திலேயே கிடையாது. கொஞ்சம் சூடு குறைந்தால் வெண்ணெய் மாதிரி இறுகிப் படுத்துவிடும். அதை எழுப்பி ஓடவைப்பதற்காகத் தொட்டியின் அடித்தளத்தில் நீராவிக் குழாய்கள் சுற்றிச் சுற்றிப் போகும். அந்த நீராவியை அனுப்புகிறவன் நான். பாய்லர்காரன்.

உள்ளே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று சொல்கிறவள் அவள். எங்கள் கல்யாணமே அந்தத் தொட்டியால் வந்ததுதான். அப்போது நான் வேலைக்குப் புதிது. ஒருநாள் உற்சாகத்தில் நீராவியைக் கொஞ்சம் தாராளமாகவே திறந்துவிட்டேன். மேலே மூடியைத் திறந்தவள் கையில் அனல் அடித்திருக்கிறது. விறுவிறுவென்று இறங்கி பாய்லர் அறைக்கே வந்துவிட்டாள். “யாருங்க இங்க ஸ்டீம் விடறது? எண்ணெயை இளக்கச் சொன்னாங்களா, வடை சுடச் சொன்னாங்களா?” நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மூடிய வாய்தான், இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

அவள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வளைந்து போகிற இரும்புப் படிக்கட்டு. தினமும் காலையில் அதில் ஏறுவாள். படி முடிகிற இடத்தில், தொட்டியின் கூரையில், வட்டமாக ஒரு வாய். அதற்கு ஒரு மூடி. வாயின் விளிம்பில் சிறிய வெட்டு ஒன்று உண்டு. அந்த வெட்டில் எஃகு டேப்பை வைத்து இறக்குவாள். டேப்பின் நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும், கொத்தனார் தூக்குக் குண்டு மாதிரி. குண்டு அடித்தளத்தைத் தொட்டதும் நிறுத்தி மேலே இழுப்பாள். டேப்பில் எதுவரைக்கும் எண்ணெய் நனைந்திருக்கிறதோ அதுதான் உயரம். அந்த உயரத்தை அவள் அறையில் மாட்டியிருந்த அட்டவணையில் பார்த்தால் இத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும்.

கூரையின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாயும் இருந்தது. அதை அவள் தொடவே மாட்டாள். “தினமும் ஒரே இடத்துல பார்த்தாத்தான் நேத்தைக்கும் இன்னைக்கும் ஒப்பிட முடியும். இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்கன்னு இறக்கினா அது அளவா?” என்பாள். அதே வெட்டு, அதே கை, அதே நிதானம். காற்றடித்தாலும் குண்டு கொஞ்சம்கூட ஆடாமல் நேராகப் போகும். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. நியாயமான பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைதான் ஒருநாள் அவள் காலை வாரிவிட்டது.

எங்கள் முதல் பிள்ளை பிறக்கவே இல்லை. நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. தொழிற்சாலையில் இல்லை, வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது. டாக்டர் யார் மேலும் தப்பில்லை என்றார். ஆனால் என் அம்மா மனதில் அந்தப் படிக்கட்டுதான் குற்றவாளி. வாரக்கணக்கில் அழுதாள். மருமகளுக்கு எதிரில் அழக்கூடாது என்று கொல்லைப்பக்கம் போய் அழுவாள். அழுதது எல்லோருக்கும் கேட்கும்.

அடுத்து மறுபடி உண்டானபோது அம்மா ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டாள். “இனிமே அந்தப் படியில கால் வைக்கக்கூடாது. சொல்லிட்டேன்.”

“டாக்டர் மெதுவா ஏறலாம்னு சொல்லியிருக்கார் அத்தை.”

“டாக்டரா பெத்துக்கப் போறார்? நீ கீழேயே உக்காந்து எழுதிக்கோ. நேத்து இருந்ததுல கொஞ்சம் கழிச்சுப் போட்டா யாரு வந்து எட்டிப் பார்க்கப் போறாங்க?”

என் மனைவி முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! யாராவது அவளிடம் பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடச் சொன்னால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டாள். ஆனால் அம்மா கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவள், “சரி அத்தை. ஏறல” என்றாள்.

மறுநாள் காலை பாய்லர் அறை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், மகராசி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாய் ஏறிக்கொண்டிருக்கிறாள். மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன்.

“அம்மாகிட்ட ஏறலைன்னு சொன்னே?”

“சொன்னேன்.”

“ஏறினே?”

“ஏறாம எப்படி எழுதறதுங்க? வேற யாரையாவது ஏத்தினா சுமாரா ஒண்ணைச் சொல்லிட்டு இறங்கிடுவாங்க.” பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “மெதுவாத்தான் ஏறறேன். நீங்க அத்தைகிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க” என்றாள்.

இரண்டு பெண்களுக்கு நடுவில் நான். என் அம்மாவிடம் சொன்னால் அவளுக்குத் தூக்கம் போகும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் போகும். எனக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அம்மாவோ சும்மா இருக்கவில்லை. நாங்கள் குடியிருந்தது தொழிற்சாலையை ஒட்டிய குடியிருப்பில். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி, இந்தப் பக்கம் வீடுகள். குழாயடியில், மாவு மிஷினில், பேக்கிங் பிரிவுப் பெண்கள் வேலை விட்டு வருகிற வழியில், பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்: “என் மருமக தங்கம். ஒரு வார்த்தை சொன்னேன், இப்ப படியே ஏறறதில்ல. கீழேயே உக்காந்து எழுதிக்கறா.”

அம்மா கெட்டது நினைத்துச் சொல்வாளா? மருமகள் தன் பேச்சைக் கேட்கிறாள் என்று அவளுக்குத் மனசு கொள்ளாத சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷம் சுவரைத் தாண்டி ஸ்டோர் கீப்பர் காதில் போய் விழுந்தது.

அந்த மனிதரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘அப்படியா’ என்றுதான் சொல்வோம். எதைச் சொன்னாலும் “அப்படியா?” என்பார். மழை பெய்கிறது என்று நனைந்துகொண்டே போய்ச் சொன்னாலும் “அப்படியா?” தான். அவர் கெட்டவர் இல்லை. பிறவியிலேயே நம்பிக்கை வராத ஆள். அந்தச் சமயம் பார்த்துத் தொட்டியில் ஒரு கோளாறு. வந்த எண்ணெயில் செலவான எண்ணெயைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு இருக்கவேண்டுமோ, அதைவிடக் கொஞ்சம் குறைவாக இவள் அளவு காட்டிக்கொண்டிருந்தது. முதலில் துளி. பிறகு மாதாமாதம் கூடிக்கொண்டே வந்தது. அப்படியாவுக்குத் தூக்கம் வருமா? எண்ணெய் எங்கே போகிறது என்று குடைந்துகொண்டிருந்தவர் காதில், அளவுக்காரி படியே ஏறுவதில்லை என்ற சேதி விழுந்தால் என்ன ஆகும்? அவர் யாரிடமும் குற்றம் சொல்லவில்லை. “அளவக்கா ஏறறதே இல்லையாமே, அப்படியா?” என்று கேள்வியாகத்தான் கேட்டார். கேள்வி குற்றத்தைவிட வேகமாகப் பரவியது.

படியில் ஏறுவதை என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். தொட்டியின் படிக்கட்டு பாய்லர் அறைப் பக்கம். அந்த நேரத்தில் அங்கே நான் மட்டும்தான். புருஷன் சாட்சி எந்தக் கணக்கில் சேரும்?

அவளுக்கு விஷயம் தெரிந்த அன்று சோறு இறங்கவில்லை. “நான் ஏறறேன்னு நாலு பேர் முன்னாடி கத்திச் சொல்லிட்டா முடிஞ்சுது. ஆனா அது மறுநாளே அத்தை காதுக்குப் போயிடும். அத்தை தாங்க மாட்டாங்க” என்றாள். அங்கே சொன்னால் இங்கே பொய்க்காரி. இங்கே காப்பாற்றினால் அங்கே பொய்க்காரி. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பேச்சை மாற்றுவதற்காக எதையோ சொல்கிற மாதிரி, “இப்பல்லாம் குண்டு தட்டறது ஒரு மாதிரி இருக்குங்க. முன்னாடி டங்குன்னு கையில தெரியும். இப்ப பொத்துன்னு இருக்கு” என்றாள்.

“உன் கைதான் வீங்கியிருக்கு. மாசமா இருந்தா வீங்கும்” என்றேன். பெரிய வைத்தியன் நான்.

“போர்மேன்கிட்டயும் சொன்னேன். அடியில கசடு படிஞ்சிருக்கும், வருஷக் கடைசியில சுத்தம் பண்ணும்போது பாத்துக்கலாம்னுட்டார்” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது தொட்டி ஒழுக ஆரம்பித்தது.

காலை ஷிப்டுக்கு வந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். தொட்டியின் அடியில், எண்ணெய் வெளியே வருகிற குழாய் தொட்டியோடு சேருகிற கழுத்தில், ஒரு விரிசல். ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் வழிந்து, சுற்றுச் சுவருக்குள் குளமாய்த் தேங்கி, ஓரங்களில் இறுக ஆரம்பித்திருந்தது. குழாய், இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டர் ஓடி வந்தார். நானும் ஓடினேன். எண்ணெய் இருக்கிற தொட்டியில் பற்றவைப்பு வேலை செய்ய முடியாது. பிட்டர் பேக்கிங் பிரிவிலிருந்து சோப்புக் கட்டிகளை அள்ளிக்கொண்டு வரச் சொன்னார். ஈரமில்லாத சோப்பை விரிசலில் தேய்த்துத் தேய்த்து அடைத்தோம். எண்ணெயில் சோப்பு கரையாது. அது நல்ல பழைய வைத்தியம். ஆறாய் ஒழுகினது சொட்டாய்க் குறைந்தது. “பெத்த பிள்ளை தாயைக் காப்பாத்துது பாரு” என்று சோப்பைக் காட்டிச் சிரித்தார் பிட்டர். அவர் எந்த நிலைமையிலும் சிரிக்கிறவர்.

ஆனால் சோப்பு எத்தனை நேரம் நிற்கும்? கழுத்து எப்போது வேண்டுமானாலும் மொத்தமாகப் பிய்த்துக்கொள்ளலாம். தொட்டியைக் காலி செய்தே ஆகவேண்டும். அடிக்குழாயைத் தொட முடியாது. அதனால் ஒரு சின்னப் பம்பைக் கூரைமேல் ஏற்றி, படிக்குப் பக்கத்து வாய் வழியாகத் தடித்த ஹோஸை உள்ளே விட்டார்கள். மேலிருந்து உறிஞ்சி, பாய்லர் அறைக்குப் பின்னால் இருந்த இரண்டு சிறிய தொட்டிகளுக்கு மாற்றுவது என்று ஏற்பாடு. எண்ணெய் இளகியிருக்கவேண்டும் என்று என்னை நீராவியை விடாமல் அனுப்பச் சொன்னார்கள். மேனேஜர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். கேட்டது ஒரே கேள்விதான்.

“இப்ப உள்ள எவ்வளவு இருக்கு? அந்த ரெண்டு தொட்டியும் கொள்ளுமா?”

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள்.

அவள் முதலில் கீழே குனிந்து, சொட்டுகிற இடத்தில் ஒரு வாளியை வைத்து, பிட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவருக்குள் தேங்கியிருந்த எண்ணெயின் ஆழத்தை ஒரு குச்சியை விட்டுப் பார்த்தாள். விரிசல் விட்டதிலிருந்து வெளியே போனது பெரிய அளவு ஒன்றும் இல்லை என்று சொன்னாள். நேற்றைய அளவில் அதைக் கழித்தால் மிச்சம் சிறிய தொட்டிகளுக்குள் அடங்கும், கொஞ்சம் இடம்கூட மீதியாகும். ஆனால் கழித்துச் சொல்வதோடு விட்டால் அவள் அவளா? குண்டு போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று டேப்பை எடுத்துக்கொண்டு படி ஏறினாள். எல்லோரும் பார்க்க ஏறினாள். அப்படியா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

வழக்கமான வாயில் ஹோஸ் அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் கூரையின் குறுக்கே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து வாய்க்குப் போனாள். அவள் தொடவே தொடாத அந்த வாய். டேப்பை இறக்கினாள். இழுத்தாள். பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி இறக்கினாள். இப்படியே வெகுநேரம். கீழே பொறுமை போனது. மெதுவாக இறங்கி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“சொல்லும்மா” என்றார் மேனேஜர்.

“ஒரு நிமிஷம் சார்” என்று சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். பாய்லர் அறை வாசலில், நீராவிச் சத்தத்தில், யாருக்கும் கேட்காது என்று தெரிந்த இடத்தில் நின்று சொன்னாள்.

“ஒரு சாண் ஏறியிருக்குங்க.”

“எது?”

“எண்ணெய். நேத்தைவிட ஒரு சாண் கூட இருக்கு.”

நான் சிரித்துவிட்டேன். ஒழுகுகிற தொட்டியில் எண்ணெய் ஏறுமா? பிறகு அவள் கண்ணைப் பார்த்தேன், சிரிப்பு நின்றது. அந்தத் தொட்டியில் ஒரு சாண் என்றால் சாதாரணமா? இரண்டு லாரி எண்ணெய்.

“நேத்து எழுதினது சரின்னா இன்னைக்குப் பாத்தது பொய். இன்னைக்குப் பாத்தது சரின்னா இத்தனை நாளா எழுதினதெல்லாம் பொய். எது பொய்யா இருந்தாலும் பொய்க்காரி நான்தான். ஏறாமலே எழுதிட்டான்னு இன்னைக்கு ஊரே சொல்லும்.” மூச்சு வாங்கினாள். “நேத்து அளவுல கொஞ்சம் கழிச்சு எழுதிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் அதுதான் சரியாத் தெரியும். அத்தை சொன்னது அதுதானே?”

டேப்பை வெட்டில் சரியாக வைத்தோமா என்று அவள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி என் தலைக்கு மேலே பார்த்தாள். சிறிய தொட்டிகள் இரண்டும் பாய்லர் அறையை ஒட்டித்தான் இருந்தன. நிரம்பி வழிந்தால் சூடான எண்ணெய் எங்கே கொட்டும்? நான் நிற்கிற இடத்தில், நெருப்புக்குப் பக்கத்தில்.

“என்ன பண்ணப் போறே?” என்றேன்.

“பாத்ததை எழுதப் போறேன்.” போய்விட்டாள்.

மேனேஜர் முன்னால் நின்று பார்த்த அளவைச் சொன்னாள். அப்புறம் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி நாலு பக்கமும் தொற்றிக்கொண்டது. “நம்ம தொட்டி ஊறுது போல!” என்றான் ஒருவன். அப்படியா தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக “அப்படியா” என்று கேட்கவில்லை. “அப்படித்தான் நானும் நெனச்சேன்” என்றார். அது அவளை அறைந்த மாதிரி இருந்தது. நான் போய் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். நீராவி வால்வை விட்டு நகர முடியாத வேலை.

மேனேஜர் சிரிக்கவில்லை. “நீயே பாத்தியா?” என்று கேட்டார்.

“நானேதான் சார் பாத்தேன். ஏன் கூடியிருக்குன்னு எனக்குத் தெரியல. ஆனா பாத்தது இதுதான். நேத்தும் நான்தான் பாத்தேன்.”

அவர் சிறிய தொட்டிகளைப் பார்த்தார், பாய்லர் அறையைப் பார்த்தார். “எனக்கும் புரியல. ஆனா நீ சொல்றது தப்பா இருந்தா லாரி சும்மா வந்துட்டுப் போகும். சரியா இருந்தா?” என்று சொல்லிவிட்டு, எண்ணெய் லாரிகள் இரண்டை உடனே அனுப்பச் சொல்லி போன் செய்யப் போனார். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

பொழுது சாய்வதற்குள் சிறிய தொட்டிகள் இரண்டும் கழுத்துவரை நிரம்பிவிட்டன. பெரிய தொட்டியில் இன்னும் எண்ணெய் இருந்தது. லாரிகள் வந்தன. முதல் லாரி நிரம்பியது. இரண்டாவதும் ஏறக்குறைய நிரம்பியது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராய்க் கலைந்து போனார்கள். ஆனால் என் மனைவி முகம் தெளியவில்லை. இன்றைய அளவு சரி என்று ஆகிவிட்டது. அப்படியானால் இத்தனை நாள் எழுதினது? அது இன்னும் பெரிய கேள்வியாகிவிட்டது. அப்படியாவும் அதையேதான் கேட்டார்: “அப்ப இவ்வளவு நாளா மேல ஏறாமத்தான் எழுதியிருக்காங்க, இல்ல?”

தொட்டி ஆறியதும், காற்றோட்டம் விட்டு, அடியில் ஆள் நுழைகிற மாதிரி இருந்த பெரிய துளையின் மூடியைக் கழற்றினார்கள். பிட்டர் விளக்கோடு உள்ளே போனார். பிறகு உள்ளேயிருந்து அவர் குரல் டமாரம் அடித்த மாதிரி எதிரொலித்தது. “அளவக்கா! அளவக்கா எங்க? இங்க வந்து பாருங்க!”

துளையின் வாயில் மேனேஜர் முதலில் குனிந்தார். பின்னால் அவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவள் தோளுக்கு மேல் நான். விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அந்த வருட ஆரம்பத்தில் படிக்கட்டுப் பக்கத்து நீராவிக் குழாய் ஒன்று ஓட்டையாகி, அதை அடைத்து வைத்திருந்தோம். மற்ற குழாய்கள் போதும் என்றார்கள். போதவில்லை. சூடு எட்டாத அந்த ஒரு இடத்தில் மட்டும் எண்ணெய் இறுகி, மாதாமாதம் மேலே மேலே படிந்து, வெள்ளையாய் ஒரு திட்டு வளர்ந்திருந்தது. சரியாக அவள் தினமும் குண்டு இறக்குகிற வாய்க்கு நேர்கீழே. குண்டு அடித்தளத்தைத் தொடவே இல்லை. அந்தத் திட்டின் மேல் உட்கார்ந்துதான் இத்தனை நாளும் அளவு சொல்லியிருக்கிறது. அதனால்தான் அளவு குறைந்தது, அதனால்தான் ‘பொத்’.

ஆனால் பிட்டர் காட்டியது திட்டை இல்லை. திட்டின் நடுவில் ஒரு குழி. பிசைந்த மாவில் விரலை வைத்து அழுத்தின மாதிரி, வழவழவென்று, வட்டமாய், ஆழமாய் ஒரே ஒரு குழி. சுற்றிலும் ஒரு கீறல் கிடையாது. பிட்டர் அவள் டேப்பை வாங்கி, பித்தளைக் குண்டை அந்தக் குழிக்குள் இறக்கினார். உறைக்குள் போகிற மாதிரி போய் உட்கார்ந்தது.

“தினமும் ஒரே இடத்துல விழுந்திருந்தாத்தான் இப்படி ஆகும். ஒரு நாள் விட்டிருந்தாலும் எண்ணெய் வந்து மூடியிருக்கும்” என்றார் பிட்டர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அப்படியா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, “தப்பா பேசிட்டேம்மா” என்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் மனைவி அங்கேயே, எண்ணெய்ப் பிசுக்குச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். “வேற இடத்துலயும் ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கணும் சார். என் கை சரியா இருக்குன்னு எனக்கு அவ்வளவு திமிர்” என்றாள். அழும்போதுகூட அதைத்தான் சொன்னாள்.

பேக்கிங் பிரிவுப் பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே ஓடிப்போய் அம்மாவிடம் கொட்டிவிட்டார்கள். “உங்க மருமக பேர் காப்பாத்திட்டா! தினமும் தவறாம ஏறியிருக்கா, அடியில குழியே விழுந்திருக்கு!”

நாங்கள் உள்ளே நுழையும்போது அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சமையல் எதுவும் ஆகவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தாள்.

“தினமுமா?”

“ஆமா அத்தை.”

“ஏழு மாசமும்?”

என் மனைவி தலையை ஆட்டினாள்.

“ஒரு தொட்டி எண்ணெய்கிட்ட உண்மையா இருக்கத் தெரியுது உனக்கு. எங்கிட்ட இருக்கத் தெரியலையா?”

நான் வாயைத் திறக்கப் போனேன். “நீ பேசாதடா” என்றாள் அம்மா, திரும்பாமலே.

என் மனைவி போய் அம்மா காலடியில் தரையில் உட்கார்ந்தாள். வயிறு இடித்தது. ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். “அங்க உண்மையைச் சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. இங்க சொன்னா நீங்க அழுவீங்களே அத்தை. கொல்லையில போய் அழறது எனக்குக் கேக்குமே.”

அம்மா குனிந்து, எண்ணெய் பிசுபிசுத்த அந்தத் தலைமுடியில் கையை வைத்தாள். அவளும் அழ ஆரம்பித்தாள், கொல்லைக்குப் போகாமல், எங்கள் எதிரிலேயே.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டாள். எங்களோடு தொழிற்சாலை வாசல்வரை வந்தாள். வாசல் காவலாளி தடுத்தார். மேனேஜரிடம் போய் என்ன பேசினாளோ, உள்ளே விட்டுவிட்டார்கள். தொட்டி பழுதாகிக் கிடந்ததால் இப்போது சிறிய தொட்டிகளின் ஏணியில் ஏறவேண்டும். அம்மா ஒரு பழைய வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஏணியின் அடியில் உட்கார்ந்தாள்.

“ஏறு. நான் கீழ இருக்கேன்.”

அவள் ஏறினாள். அம்மா ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், ஏதோ அவள் பிடிக்காவிட்டால் ஏணி ஓடிவிடும் என்கிற மாதிரி. அவள் இறங்கி வந்ததும் அம்மா கேட்டாள்: “எவ்வளவு?”

அவள் சொன்னாள். அம்மாவுக்கு அந்த எண் தலையும் புரியாது, காலும் புரியாது. “சரி, போய் எழுது” என்றாள்.

மகள் பிறந்தாள். எடை போட்ட நர்ஸ் சுமார் மூணு கிலோ என்று சொல்லி என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பெரிய தொட்டி சரியானது. அதற்குப் பிறகு இரண்டு வாயிலும் குண்டு போடுவதென்று வழக்கமானது. அம்மா கைக்குழந்தையோடு படிக்கட்டின் அடியில் அந்த வாளியில் உட்கார்ந்திருப்பாள். குழந்தை நடக்க ஆரம்பித்தது, பள்ளிக்கூடம் போனது. அம்மா வருவது நிற்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அளவு முதலில் அம்மாவுக்கு, அப்புறம்தான் ஆபீசுக்கு. எனக்கு அந்தக் காலைகள் இன்னும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. இரும்புப் படியில் அவள் கால் சத்தம், கீழே அம்மாவின் இருமல், பாய்லரின் மூச்சு. அதைவிடச் சந்தோஷமாய் நான் இருந்ததில்லை.

மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து என் மனைவி வேலைக்குத் திரும்பிய நாள், நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். மெதுவாக ஏறினாள். இரண்டு வாயிலும் குண்டு போட்டாள். இறங்கினாள். கவிழ்ந்து கிடந்த அந்த வாளிக்கு எதிரில் வந்து நின்றாள். அவள் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு ஆபீசுக்குப் போய் எழுதினாள்.